ஒரு தவளை முட்டை, லட்சம் கோடி ரைபோசோம்: ரெண்டு பாலிமரேஸோட கணக்கு எப்படி டேலி ஆகுது

பிளஸ் டூ பயாலஜி படிச்ச எல்லாருக்கும் இந்த டேபிள் மனப்பாடமா இருக்கும். ஜீனை பாத்து ஆர்என்ஏ எழுதுற மெஷின்தான் ஆர்என்ஏ பாலிமரேஸ்; அதுல பாலிமரேஸ் 1 ரைபோசோமல் ஆர்என்ஏ செய்யும், பாலிமரேஸ் 2 மெசேஞ்சர் செய்யும், பாலிமரேஸ் 3 டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவும் 5எஸ்ஸும் செய்யும், நீட்ல ஒரு கேள்வி வரும், டிக் அடிச்சிட்டு போயிடலாம். ஆனா அந்த டேபிள்ல ஒரு இடத்துல நின்னு பாத்தா ஒரு விஷயம் உறுத்தும். ப்ரோட்டீன் கட்டுற மெஷினான ரைபோசோம் ஒண்ணுல நாலு ஆர்என்ஏ இருக்கு (பேர்ல இருக்கிற எஸ், துண்டு எவ்வளவு பெருசுங்கறதை காட்டுற அளவு): 28எஸ், 18எஸ், 5.8எஸ், 5எஸ். மூணு துண்டு பாலிமரேஸ் 1 கிட்ட இருந்து வருது, மிச்சம் இருக்கிற ஒரே ஒரு சின்ன துண்டு, வெறும் 120 எழுத்து, அது மட்டும் பாலிமரேஸ் 3 கிட்ட இருந்து வருது. ஒவ்வொரு ரைபோசோமுக்கும் நாலும் ஒண்ணு ஒண்ணுதான் வேணும், ஒண்ணு கொறஞ்சாலும் ரைபோசோம் ஓடாது. அப்போ ரெண்டு வேற மெஷின், ரெண்டு வேற இடத்துல இருக்கிற ஜீன், ரெண்டு வேற ப்ரோமோட்டர் (எங்க எழுத ஆரம்பிக்கணும்னு சொல்ற டிஎன்ஏ துண்டு), இவ்வளவையும் வெச்சுக்கிட்டு செல் எப்படி சரி சமமா கணக்கு முடிக்குது?

இந்த கேள்விக்கு எனக்கு தெரிஞ்சு இருக்கிறதுலயே நல்ல கேஸ் ஆப்பிரிக்கத் தவளை ஸெனோபஸ் லேவிஸோட முட்டைதான். தியரியா சொன்னா மனசுல நிக்காது, இந்த ஒரு செல்லை முழுசா பாத்தா மொத்த விஷயமும் பிடிபடும்னு நான் நம்புறேன், அதனால இதை ஒரு கேஸாவே எழுதுறேன்.

முதல்ல அந்த செல்

முழுசா வளந்த முட்டை 1.2 மில்லிமீட்டர் குறுக்களவு, கண்ணால பாக்கலாம், ஒரே செல். உள்ள சுமார் லட்சம் கோடி ரைபோசோம் இருக்கு. ஏன் இவ்வளவு வேணும்னா, கருத்தரிச்சதுக்கு அப்புறம் அந்த கரு மடமடன்னு பிரிஞ்சுக்கிட்டே போகும், 12 தடவை பிரிஞ்சு நாலாயிரம் செல் ஆகுற வரைக்கும் சொந்தமா ஆர்என்ஏ எழுதுறது கிட்டத்தட்ட கிடையாது, அம்மா முட்டைக்குள்ள வெச்சிட்டு போனதை வெச்சுதான் ஓட்டணும்.

இது எவ்வளவு பெரிய சேமிப்புன்னு காட்டுனது ஒரு மியூட்டன்ட் தவளை. 1958ல ஆக்ஸ்ஃபோர்ட்ல மிகைல் ஃபிஷ்பெர்க் லேப்ல கண்டுபிடிச்சாங்க, அதோட செல்கள்ல ரெண்டுக்கு பதிலா ஒரே ஒரு நியூக்ளியோலஸ் (நியூக்ளியஸுக்குள்ள புள்ளி மாதிரி தெரியுற பகுதி). அந்த மாதிரி ரெண்டு தவளைய சேத்தா பிறக்கிற கருக்கள்ல கால்வாசிக்கு நியூக்ளியோலஸே கிடையாது. 1964ல டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் அந்த கருக்களை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. பெரிய ரைபோசோமல் ஆர்என்ஏ ரெண்டுமே உருவாகவே இல்ல, ஆனா டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏ உருவாகிட்டு இருந்துச்சு. அப்படியும் அந்த கரு தலைப்பிரட்டையா நீந்துற வரைக்கும் வளந்துச்சு, அப்புறம்தான் செத்துச்சு. அது வரைக்கும் அது ஓடுனது முழுக்க அம்மாவோட ரைபோசோம்ல.

இந்த ஒரே சோதனையில ரெண்டு உண்மை வெளிய வந்துச்சு. ஒண்ணு, நியூக்ளியோலஸ்தான் ரைபோசோமல் ஆர்என்ஏ எழுதுற இடம். ரெண்டாவது, டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவுக்கு நியூக்ளியோலஸ் வேண்டாம், அது தனி ஏற்பாடு. அப்போ பாலிமரேஸ் மூணு வகை இருக்குன்னே யாருக்கும் தெரியாது! மியூட்டன்ட்ல நடந்தது என்னன்னா ரைபோசோமல் ஜீன் கூட்டம் அப்படியே டிஎன்ஏல இருந்து காணாம போயிருந்துச்சுன்னு 1966ல வாலஸும் பேர்ன்ஸ்டீலும் காட்டுனாங்க. 5எஸ் ஜீன்கள் வேற இடத்துல இருந்ததால அதுங்களுக்கு ஒண்ணும் ஆகல.

மெஷின் மூணுன்னு தெரிஞ்சது எப்படி

1969ல சியாட்டில்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டில ராபர்ட் ரோடர்னு ஒரு பிஎச்டி மாணவர், வில்லியம் ரட்டர் லேப்ல, கடல் முள்ளெலி கருவுல இருந்தும் எலி ஈரல்ல இருந்தும் பாலிமரேஸை பிரிச்சு எடுத்து காலம்ல (கலவையை தனித்தனியா பிரிக்கிற குழாய்) ஓட்டுனார், ஒரு பீக்குக்கு பதிலா மூணு பீக் வந்துச்சு. பேரு வெச்சது காலம்ல இருந்து எறங்குன வரிசைப்படி, 1, 2, 3, அவ்வளவுதான், முக்கியத்துவத்துக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்ல.

எந்த மெஷின் என்ன செய்யுதுன்னு பிரிச்சு காட்ட உதவுனது ஒரு விஷக்காளான். அமானிடா ஃபல்லாய்டீஸ் காளான்ல ஆல்ஃபா அமானிட்டின்னு ஒரு நஞ்சு இருக்கு, அது விலங்கு செல்கள்ல பாலிமரேஸ் 2ஐ ரொம்ப கொஞ்ச அளவுலயே நிறுத்திடும், பாலிமரேஸ் 3ஐ நிறுத்த அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வேணும், பாலிமரேஸ் 1 அசையாது. 1974ல வைன்மனும் ரோடரும் இந்த வித்தியாசத்தை வெச்சுதான், 5எஸ்ஸும் டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவும் உருவாகுறது எந்த அளவு நஞ்சுல நிக்குதுன்னு பாத்து, இது பாலிமரேஸ் 3ஓட வேலைன்னு உறுதி பண்ணாங்க.

இங்க ஒரு சின்ன திருத்தம், படிக்கிற பசங்களுக்காக. என்சிஇஆர்டி புக்ல பாலிமரேஸ் 3 எழுதுற லிஸ்ட்ல எஸ்என் ஆர்என்ஏவும் (மெசேஞ்சரை வெட்டி ஒட்ட உதவுற சின்ன ஆர்என்ஏக்கள்) சேத்து போட்டிருப்பாங்க. அதுல யூ6 மட்டும்தான் பாலிமரேஸ் 3, யூ1 யூ2 யூ4 யூ5 எல்லாம் பாலிமரேஸ் 2 எழுதுறது. பரிட்சைல புக்ல இருக்கிறதையே எழுதுங்க, ஆனா மனசுல சரியானதை வெச்சுக்கங்க.

முட்டை தேர்ந்தெடுத்த ரெண்டு வழி

இப்போ கேஸோட நடுப்பகுதிக்கு வருவோம். லட்சம் கோடி ரைபோசோம் வேணும்னா லட்சம் கோடி 28எஸ், லட்சம் கோடி 5எஸ் வேணும். ப்ரோட்டீனா இருந்தா ஒரு மெசேஞ்சர்ல இருந்து ஆயிரக்கணக்குல காப்பி எடுக்கலாம், ஆனா ஆர்என்ஏதான் இங்க கடைசிப் பொருளே, பெருக்கிக்க இன்னொரு படி கிடையாது, ஒவ்வொண்ணையும் ஜீன்ல இருந்தே எழுதணும். அதனாலதான் இந்த ஜீன்கள் விலங்குங்கள்ல பெரும்பாலும் நூத்துக்கணக்குல இருக்கு, மனுஷனுக்கு 28எஸ் 18எஸ் ஜீன்கள் 13, 14, 15, 21, 22ன்னு அஞ்சு ஜோடி குரோமோசோம்ல பரவி கிடக்கு. தவளைக்கு ஒரு செட்டுல சுமார் 450 காப்பி, வால்ல தலை தொட்ட மாதிரி வரிசையா ஒரே இடத்துல.

450 போதாது. முட்டை அப்போ நாலு செட் டிஎன்ஏ வெச்சிருக்கும், அதையும் சேத்தா 1800. இதை வெச்சு லட்சம் கோடி எழுதணும்னா பல நூறு வருஷம் ஆகும். அதனால முட்டை என்ன பண்ணுதுன்னா, ரொம்ப இளசா இருக்கும்போதே ரைபோசோமல் ஜீனை மட்டும் குரோமோசோமுக்கு வெளிய தனியா வட்ட வட்டமா காப்பி எடுத்து தள்ளுது, கடைசியில சுமார் 20 லட்சம் காப்பி, ஒரே நியூக்ளியஸ்ல சுமார் 1500 நியூக்ளியோலஸ் மிதக்கும். 1968ல பிரவுனும் இகோர் டாவிடும் ஒரு பக்கம், ஜோசஃப் கால் இன்னொரு பக்கம், தனித்தனியா இதை வெளியிட்டாங்க. எல்லா செல்லுக்கும் ஒரே ஜீன் கணக்குதான்னு நம்பிக்கிட்டு இருந்த காலத்துல ஒரு செல் தனக்கு வேணும்ங்கற ஜீனை மட்டும் ஆயிரம் மடங்கு ஏத்திக்குதுன்னா அது லேசான செய்தி இல்ல.

அடுத்த வருஷம் ஆஸ்கர் மில்லரும் பார்பரா பீட்டியும் இதை போட்டோவே எடுத்துட்டாங்க. அது ஸெனோபஸ் இல்ல, நியூட்னு சொல்ற இன்னொரு நீர்நில வாழ்வி, ஆனா அதுவும் முட்டைதான். நியூக்ளியோலஸை உடைச்சு பரப்பி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தா, ஒரு டிஎன்ஏ இழை, அதுல ஒரு ஜீனுக்கு சுமார் 100 பாலிமரேஸ் தோளோடு தோள் ஒட்டி ஓடிக்கிட்டு இருக்கு, ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு ஆர்என்ஏ வால் தொங்குது, ஆரம்பத்துல குட்டையா, போக போக நீளமா. கிறிஸ்துமஸ் மரம்னு பேரே வந்துடுச்சு. ஒரு ஜீன் வேலை செய்யுறதை நேரடியா பாத்த முதல் படங்கள்ல ஒண்ணு இது, இன்னிக்கும் அந்த படத்தை பாத்தா எனக்கு புல்லரிக்கும்.

சரி, 5எஸ்ஸுக்கு? இதையும் காப்பி எடுத்திருக்கலாமே? எடுக்கல. 5எஸ் ஜீன் பெருக்கப்படவே இல்ல. அதுக்கு பதிலா பரம்பரையாவே ஒரு செட்டுல 20 ஆயிரம் 5எஸ் ஜீன் இருக்கு, பெரும்பாலான குரோமோசோமோட நீண்ட கை முனையில, முட்டைக்குன்னே. உடம்போட மத்த செல்லுக்கு வேற ஒரு வகை 5எஸ், அது சுமார் 400 காப்பிதான், எழுத்துல ஒரு சில வித்தியாசம். நாலு செட் சேத்தா முட்டைக்கு 80 ஆயிரத்துக்கு மேல 5எஸ் ஜீன் இருக்கு, ஆனா அந்த பக்கம் 20 லட்சம். இன்னும் பல மடங்கு கம்மி. அந்த பள்ளத்தை முட்டை நேரத்தால நிரப்புது: 5எஸ்ஸையும் டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவையும் ரொம்ப முன்னாடியே, மஞ்சள் கரு சேர ஆரம்பிக்கிறதுக்கும் முன்னாடியே எழுத ஆரம்பிச்சு சேத்து வெச்சிடுது, 28எஸ் 18எஸ் பெரிய அளவுல வர்றது அதுக்கு அப்புறம்தான். கல்யாண வீட்ல அப்பளத்தை முந்தின நாளே பொரிச்சு டின்ல போட்டு வெச்சிட்டு சாதத்தை பந்தி நேரத்துக்கு வடிக்கிற மாதிரி.

டின் எது? இங்கதான் கேஸ் சுவாரஸ்யமாகுது

5எஸ் ஆர்என்ஏவை சும்மா விட்டா செல் அதை அழிச்சிடும். இளம் முட்டையில அது ரெண்டு விதமான துகள்ல கட்டி வெச்சிருக்கு. ஒரு துகள்ல டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவும் 5எஸ்ஸும் சேந்து இருக்கும், அது 42எஸ். இன்னொண்ணு 7எஸ், அதுல ஒரு 5எஸ்ஸும் ஒரே ஒரு ப்ரோட்டீனும். அந்த ப்ரோட்டீன் யாருன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

பால்டிமோர்ல கார்னகி இன்ஸ்டிட்யூட்ல பிரவுன் க்ரூப் 5எஸ் ஜீனை 1971லயே டிஎன்ஏல இருந்து தனியா பிரிச்சு வெச்சிருந்தாங்க. 1978ல பேர்கன்மையர், பிரவுன், ஜோர்டன் மூணு பேரும் முட்டையோட நியூக்ளியஸ் சாறுல 5எஸ் ஜீனை போட்டா சரியான இடத்துல ஆரம்பிச்சு சரியான இடத்துல நிக்குற ஆர்என்ஏ டெஸ்ட் ட்யூப்லயே கெடைக்குதுன்னு காட்டுனாங்க. இது வந்த உடனே அடுத்த கேள்வி தானா வருது: பாலிமரேஸுக்கு இங்க ஆரம்பின்னு சொல்ற எழுத்து எது? பாக்டீரியா பழக்கத்துல எல்லாரும் எதிர்பாத்தது ஜீனுக்கு முன்னாடி இருக்கிற டிஎன்ஏ. சகோன்ஜு, போகன்ஹேகன், பிரவுன் முன்பக்கத்துல இருந்து டிஎன்ஏவை கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டே போனாங்க. முன்னாடி இருந்ததை முழுக்க வெட்டியாச்சு, ஜீன் ஓடுது. ஆரம்ப எழுத்தையே வெட்டியாச்சு, ஓடுது, ஒட்டி இருக்கிற பிளாஸ்மிட் டிஎன்ஏல இருந்து கிட்டத்தட்ட அதே தூரத்துல ஆரம்பிக்குது. ஜீனுக்குள்ள 50வது எழுத்தை தாண்டி வெட்டுனப்போதான் நின்னுச்சு. பின்பக்கத்துல இருந்து வெட்டிக்கிட்டு வந்தா 83வது எழுத்து வரைக்கும் வெட்டலாம். அதாவது 120 எழுத்து ஜீனோட நடுவுல, 50ல இருந்து 83 வரைக்கும் இருக்கிற துண்டுதான் ப்ரோமோட்டர். 1980ல வெளிவந்த இந்த முடிவை அன்னிக்கு யாருமே எதிர்பாக்கல.

அதே வருஷம் ரோடர் லேப்ல இந்த நடு துண்டுல போய் உக்காருற ப்ரோட்டீனை சுத்தம் பண்ணி எடுத்தாங்க, டிஎஃப்-3ஏன்னு பேரு. யூகேரியோட் உயிர்ல ஒரு குறிப்பிட்ட ஜீனுக்குன்னு சுத்தமா பிரிச்சு எடுத்த முதல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் (ஜீனை எழுத வைக்கிற ப்ரோட்டீன்) இதுதான். அப்புறம் பாத்தா 7எஸ் துகள்ல 5எஸ்ஸை கட்டிப் பிடிச்சு வெச்சிருக்கிற ப்ரோட்டீனும் இதேதான்! ஜீனையும் பிடிக்குது, அந்த ஜீன்ல இருந்து வந்த ஆர்என்ஏவையும் பிடிக்குது. ப்ரோமோட்டர் ஜீனுக்குள்ளயே இருக்கிறதால அந்த எழுத்து ஆர்என்ஏவுக்கும் போகுது. அப்போ 5எஸ் அதிகமா சேர சேர அது டிஎஃப்-3ஏவை ஜீன்ல இருந்து தன் பக்கம் இழுத்துக்கும், எழுதுறது குறையும். பொருளே தன் உற்பத்திக்கு பிரேக்கா நிக்கலாம், டெஸ்ட் ட்யூப்ல 5எஸ்ஸை கூடுதலா ஊத்துனா எழுதுறது நிக்குதுன்னு 1980லயே பாத்தாங்க. எனக்கு இந்த மொத்த கேஸ்லயே பிடிச்ச இடம் இது. ஸ்டாக்கை எடுத்து வைக்கிறவரும் ஆர்டர் கொடுக்கிறவரும் ஒரே ஆளா இருந்தா கணக்கு பிசகாது.

1985ல கேம்பிரிட்ஜ்ல ஆரன் க்ளூக் க்ரூப், தவளை சினைப்பைல இந்த ப்ரோட்டீன் அவ்வளவு குவிஞ்சு கிடந்ததால நெறைய எடுத்து ஆராய முடிஞ்சு, உள்ள ஒரே மாதிரி 9 விரல் இருக்கு, ஒவ்வொரு விரலும் ஒரு துத்தநாக அணுவை சுத்தி மடிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஜின்க் ஃபிங்கர்னு இன்னிக்கு எங்க பாத்தாலும் அடிபடுற பேரோட ஆரம்பம் இந்த தவளைதான்.

டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏ ஜீன்லயும் ப்ரோமோட்டர் உள்ளதான், ஆனா ரெண்டா பிரிஞ்சு, ஏ பாக்ஸ், பி பாக்ஸ். 1981ல சூரிக்ல பேர்ன்ஸ்டீல் க்ரூப் இதை காட்டுனாங்க, அதுவும் ஸெனோபஸ் ஜீன் வெச்சுதான். இந்த எழுத்துங்க டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏ மடியுறதுக்கே தேவையான இடங்கள், அதனால எந்த உயிர்லயும் பெருசா மாறவே இல்ல.

அப்போ டிஎஃப்-3ஏ உக்காந்தவுடனே பாலிமரேஸ் வந்துடுமான்னா இல்ல. அதுமேல டிஎஃப்-3சி வரும், டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏ ஜீன்ல டிஎஃப்-3சி நேரடியா ஏ, பி பாக்ஸ்ல உக்காரும், அது டிஎஃப்-3பிய கூட்டிட்டு வந்து ஜீனோட ஆரம்பத்துக்கு முன்னாடி உக்கார வைக்கும், டிஎஃப்-3பிதான் பாலிமரேஸ் 3ஐ கையைப் பிடிச்சு கூட்டிட்டு வரும். 1990ல சான் டியாகோல கசவெட்டிஸ், கைடுஷெக் க்ரூப் ஈஸ்ட்ல அழகா ஒரு சோதனை பண்ணாங்க: எல்லாம் உக்காந்த பிறகு ஹெபரின் போட்டு டிஎஃப்-3ஏ, டிஎஃப்-3சி ரெண்டையும் கழட்டி விட்டுட்டாங்க, டிஎஃப்-3பி மட்டும் டிஎன்ஏல ஒட்டி நின்னுச்சு, அது ஒண்ணே பாலிமரேஸை மறுபடி மறுபடி அழைச்சுக்கிட்டே இருந்துச்சு. பாலிமரேஸ் தன் ப்ரோமோட்டர் மேலயே ஏறி ஓடுனா ப்ரோமோட்டர்ல இருக்கிற ப்ரோட்டீன் என்ன ஆகும்னு ரொம்ப நாளா இருந்த சந்தேகத்துக்கு இது பெரிய பதில். முடிவுல வரிசையா நாலஞ்சு டி எழுத்து வந்தா பாலிமரேஸ் 3 தானா இறங்கிடும், திரும்ப அதே ஜீன்லயே ஏறிக்கும்.

பாலிமரேஸ் 1 பக்கம் ஏற்பாடு வேற, ப்ரோமோட்டர் ஜீனுக்கு வெளிய முன்னாடி இருக்கு, யூபிஎஃப்னு ஒரு ப்ரோட்டீன் டிஎன்ஏவை வளைச்சு பிடிக்கும், எஸ்எல்1ங்கற கூட்டு வந்து உக்காரும். மனுஷ செல் சாறுல எலி ரைபோசோமல் ஜீனை போட்டா ஓடாது, எஸ்எல்1 அந்த அளவுக்கு இனம் பாக்கும். பாலிமரேஸ் 3 இவ்வளவு கறார் கிடையாது. இதுல எல்லாரும் ஆச்சரியப்பட்டது 1992ல: எஸ்எல்1க்குள்ளயும், டிஎஃப்-3பிக்குள்ளயும், பாலிமரேஸ் 2ஓட டிஎஃப்-2டிக்குள்ளயும் டிபிபிங்கற ஒரே ப்ரோட்டீன் இருக்கு. மூணு மெஷினும் ஒரே பழைய மெஷின்ல இருந்து கிளைச்சதுங்கறதுக்கு இது மாதிரி சாட்சி வேற வேணுமா.

கரு ஆன பிறகு

12 பிரிவுக்கு அப்புறம் கரு தன் ஜீன்களை திறக்கும்போது 5எஸ்ஸோட ரெண்டு வகையும் முதல்ல எழுதப்படுது. கொஞ்ச நேரத்துலயே 20 ஆயிரம் முட்டை வகை மூடிடும், 400 உடம்பு வகைதான் ஓடும். காப்பில 50 மடங்கு கம்மியா இருக்கிற ஜீன் வாழ்நாள் முழுக்க கிட்டத்தட்ட எல்லா 5எஸ்ஸையும் கொடுக்குது. ஏன்னா டிஎஃப்-3ஏ அளவு இப்போ பாதாளத்துக்கு போயிடுச்சு, கெடைக்கிற கொஞ்சத்தை வெச்சு உடம்பு வகைல கட்டுற கூட்டுதான் உறுதியா நிக்குது, முட்டை வகைல கட்டுறது தளர்ந்துடும், தளர்ந்த இடத்துல ஹிஸ்டோன் ஹெச்1ங்கற ப்ரோட்டீன் வந்து குரோமாட்டினை, அதாவது ப்ரோட்டீன்ல சுத்தி வெச்ச டிஎன்ஏவை, இறுக்கி பூட்டிடும். ஒரு தடவை உக்காந்த கூட்டு பல சுத்து எழுதுன பிறகும் கலையாதுன்னு 1982லயே பிரவுன் க்ரூப் காட்டிட்டாங்க.

நம்ம செல்லுக்கு இந்த கணக்கு எப்படி

நம்ம முட்டை இப்படி 20 லட்சம் காப்பி எடுக்கிறதில்ல, ஆனா டேலி பிரச்சினை அப்படியே இருக்கு. வளர்ற ஈஸ்ட் செல் ஒரு நிமிஷத்துக்கு சுமார் 2000 ரைபோசோம் கட்டுது. ஈஸ்ட்ல 5எஸ் ஜீன் ரைபோசோமல் ஜீன் வரிசைக்கு நடுவுலயே, எதிர் திசைல இருக்கு, அப்படி பக்கத்துலயே இருந்தும் அதை எழுதுறது பாலிமரேஸ் 3தான், அதனால பக்கத்துல வெச்சிட்டா தீந்துடும்னு சொல்ல முடியாது. ரெண்டையும் சேத்து கட்டுறது மேல இருந்து வர்ற ஒரே சிக்னல், டார்னு ஒரு கைனேஸ் (மத்த ப்ரோட்டீனை ஆன், ஆஃப் பண்ற என்சைம்). சத்து குறைஞ்சா டார் அடங்கும், அப்போ மாஃப்1ங்கற ப்ரோட்டீன் நியூக்ளியஸுக்குள்ள வந்து பாலிமரேஸ் 3 மேல உக்காந்து நிறுத்தும், அந்த பக்கம் பாலிமரேஸ் 1ஐ ப்ரோமோட்டரோட இணைக்கிற ஆர்ஆர்என்3ங்கற ப்ரோட்டீனும் செயலிழக்கும்.

அதுக்கு மேலயும் டேலி பிசகுனா என்ன நடக்கும்னு பாத்தாதான் இதோட கனம் புரியும். பாலிமரேஸ் 1 பக்கம் தடைபட்டா 5எஸ் சேர இடமில்லாம எல்5, எல்11 ங்கற ரெண்டு ரைபோசோம் ப்ரோட்டீனோட மிச்சமா நிக்கும். அந்த மூணும் சேந்து எம்டிஎம்2ங்கற ப்ரோட்டீனை பிடிச்சுக்கும். எம்டிஎம்2தான் சாதாரணமா பி53ங்கற காவல் ப்ரோட்டீனை அழிச்சுக்கிட்டே இருக்கும், அது மாட்டிக்கிட்டா பி53 ஏறும், செல் பிரியுறதை நிறுத்தும், இல்ல செத்துடும். செல்லுக்கு 28எஸ் கம்மியா இருக்குன்னு தகவல் சொல்றதே மிச்சமான 5எஸ்தான்.

ட்ரீச்சர் காலின்ஸ்னு ஒரு பிறவி நோய் இருக்கு, கன்ன எலும்பு, தாடை, காது சரியா உருவாகாது. காரணம் டிசிஓஎஃப்1 ஜீன்லயோ பாலிமரேஸோட சப்யூனிட் ஜீன்கள்லயோ வர்ற மியூட்டேஷன். டிசிஓஎஃப்1 செய்யுற ட்ரீக்கிள் ப்ரோட்டீன் நியூக்ளியோலஸ்ல பாலிமரேஸ் 1க்கு துணையா நிக்கறது, அது பாதியானா முகத்தை கட்ட வேண்டிய கரு செல்கள் பி53ஆல செத்துப்போகுது. பிஓஎல்ஆர்1சி, பிஓஎல்ஆர்1டி மியூட்டேஷன்களும் இதே நோய தரும்னு 2011ல தெரிஞ்சுது, இந்த ரெண்டு சப்யூனிட்டும் பாலிமரேஸ் 1க்கும் 3க்கும் பொது. பிஓஎல்ஆர்1சில வேற இடத்துல மாற்றம் வந்தா முகத்துக்கு பதிலா மூளையோட வெள்ளைப்பகுதி கெடுது, அது பாலிமரேஸ் 3 சேர்க்கை பாதிக்கிறதால. ஒரே சப்யூனிட், எந்த மெஷின் அடிபடுதுங்கறதுதான் எந்த நோய்னு தீர்மானிக்குது. டிசிஓஎஃப்1 பாதியா இருக்கிற எலிக் கருக்கள்ல பி53ஐ தடுத்துப் பாத்தாங்க, 2008ல அது வெளிவந்துச்சு: ரைபோசோம் குறை அப்படியேதான் இருந்துச்சு, ஆனா அந்த செல்கள் சாகல, எலிக்குட்டியோட முகம் ஒழுங்கா உருவாகி பிறந்துச்சு.